இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு வீங்கினால்: வண்ணாரப்பேட்டை வாசகியின் கேள்விக்குப் பதில்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து 57 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் வேலை செய்பவர். ஈறு நோயால் ஆடிப்போய் எடுக்கப்பட்ட வலது கீழ்க் கடைவாய்ப் பல்லின் இடத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் இம்ப்ளான்ட் என்னும் செயற்கை வேரைத் தாடை எலும்பில் பொருத்தி, அதன்மேல் பல் வடிவிலான கேப்பைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆறு மாதமாக அந்தக் கேப்பைச் சுற்றி ஈறு சிவந்திருக்கிறது, பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கன்னப் பக்கம் மிளகளவில் ஒரு சதை முளைத்திருக்கிறது. வலி மட்டும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் மூன்று முறை ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டபோதெல்லாம் ஒரு வாரம் அடங்கி, மறுபடி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டார் "இரும்பு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார்களாம். மகன் கழற்றிவிடலாம் என்கிறார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.9 சதவீதம், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார், வெற்றிலையோடு புகையிலையும் போடும் பழக்கம் உண்டு. "இது ஒவ்வாமையா, புற்றுநோயா, இம்ப்ளான்ட்டை எடுத்துவிட வேண்டுமா?" என்று கேட்கிறார். அவருடைய இம்ப்ளான்ட் மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி, "வலி இல்லாததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்பதுதான். இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கடிக்கும்போது ஏற்படும் அழுத்தத்தையும் வலியையும் நமக்கு உணர்த்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இம்ப்ளான்ட் அந்தப் படலம் இல்லாமல் எலும்போடு நேரடியாகப் பிணைந்து நிற்பது என்பதால், அதைச் சுற்றி எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் பலருக்குக் கடைசி வரை வலி தெரிவதில்லை. ஆகவே வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆறு மாதமாக ரத்தம் வருகிறது என்பதே மருத்துவரிடம் போகப் போதுமான காரணம்.

நீங்கள் பட்டன் தைப்பவர் என்பதால் உங்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். துணியோடு நூலால் தைத்த பட்டனை இழுத்தால் துணியும் சேர்ந்து வரும். காஜாவுக்குள் நுழைத்த பட்டனைத் துணி சுற்றிப் பிடித்திருக்கிறதே தவிர, அதோடு தைக்கப்பட்டிருக்கவில்லை. இயற்கைப் பல்லின் வேர்மேல் சிமென்டம் என்ற மெல்லிய உறை உண்டு; ஈறின் நார்கள் குறுக்கே ஓடி அதற்குள் புகுந்து ஊன்றியிருக்கும். இம்ப்ளான்ட்டில் அந்த உறை கிடையாது என்பதால், நார்கள் அதன் பரப்புக்கு இணையாகவும் வளையமாகவும் ஓடி, கழுத்துப்பட்டை போலச் சுற்றி நிற்கின்றன. அதாவது, தைத்த பட்டன் அன்று, காஜாவில் நுழைத்த பட்டன். அந்தச் சதைக்கு ரத்த ஓட்டமும் இயற்கை ஈறை விடக் குறைவு. கிருமிப் படிவம் அந்த இடுக்கில் இறங்கிவிட்டால், இயற்கைப் பல்லைச் சுற்றி நடப்பதை விட வேகமாக அழற்சி கீழே பரவ இந்த அமைப்பே ஒரு காரணம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பொருத்தியிருப்பது இரும்பு அன்று, டைட்டானியம். சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல்களின் எலும்பில் நடத்திய ஆய்வின்போது, டைட்டானியம் எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார். 1965இல் முதல் நோயாளிக்கு அதைப் பல்வேராகப் பொருத்தினார். காற்றுப் பட்டதுமே டைட்டானியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, உலோகத்துக்கும் உடம்புக்கும் இடையே காப்பாக நிற்பதுதான் அதன் சிறப்பு. டைட்டானியம் ஒவ்வாமை என்பதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1500 இம்ப்ளான்ட் நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதனையில் ஒவ்வாமை தென்பட்டவர்கள் 9 பேர்தான். தவிர, இரண்டரை ஆண்டுகள் ஒரு தொல்லையும் தராமல் இருந்துவிட்டு, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அடங்கி, நிறுத்தினால் திரும்பும் வீக்கம் ஒவ்வாமையின் போக்கில் இல்லை. கிருமியும் அதற்கு இடம் கொடுக்கும் ஏதோவொன்றும் அங்கேயே குடியிருப்பதன் போக்கில் இருக்கிறது. பக்கத்து வீட்டாரின் அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர்களுடைய முடிவை மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். அழற்சி ஈறோடு நின்றிருந்தால் அதற்குப் பெரி-இம்ப்ளான்ட் மியூகோசைட்டிஸ் என்று பெயர். எலும்பும் கரையத் தொடங்கியிருந்தால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். முன்னதைச் சுத்தம் செய்தே பழைய நிலைக்குக் கொண்டுவர வாய்ப்பு அதிகம். பின்னதில், கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே சிவந்திருக்கும் என்பதால், புகைப்படத்தைப் பார்த்தோ கடிதத்தைப் படித்தோ எது என்று சொல்வது நேர்மையாகாது, நானும் சொல்லப்போவதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள மருத்துவர் செய்ய வேண்டியவை அதிக நேரம் பிடிக்காதவை. புரோப் என்னும் மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கருவியை இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஆறு இடங்களில் மிக மெதுவாக இறக்கி ஆழம் பார்ப்பார்; ரத்தம் வருகிறதா, சீழ் வருகிறதா என்றும் கவனிப்பார். இம்ப்ளான்ட்டைச் சுற்றிக் கருவி விடக்கூடாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். மெல்லிய அழுத்தத்தில் செய்தால் கெடுதல் இல்லை, செய்யாமல் விடுவதுதான் கெடுதல். அதன் பிறகு அந்த இடத்தை மட்டும் சிறிய எக்ஸ்ரே எடுத்து, கேப் வைத்த காலத்து எக்ஸ்ரேயோடு ஒப்பிட வேண்டும். பழைய எக்ஸ்ரே உங்களிடம் இருந்தால் பொக்கிஷம் போல எடுத்துப் போங்கள். அது இல்லாதவர்களுக்கென 2017இல் சிகாகோவில் கூடிய உலக ஈறுநோய் வல்லுநர் மாநாடு ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறது: ரத்தமோ சீழோ வருவதோடு, ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேலும், எலும்பு மட்டம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியும் இருந்தால், அது எலும்பைத் தொட்ட நோய் என்று கொள்ளலாம்.

ஆனால் நோயின் பெயரைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடாது. ஏன் வந்தது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் சிகிச்சையின் பாதி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது "சிமென்ட் வைத்து ஒட்டினார்கள்" என்பது. கேப்பை ஒட்டும்போது பிதுங்கிய சிமென்ட் துணுக்கு ஈறுக்கு அடியில் தங்கிவிட்டால், அதன் சொரசொரப்பில் கிருமிகள் கூடுகட்டும். மாதங்கள் கழித்தும், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் வீக்கம் தலைகாட்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஈறுக்குள் எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியை விட்டுப் பார்த்தபோது, சிமென்ட் வைத்து ஒட்டிய கேப் உள்ள, நோய் அறிகுறி காட்டிய இம்ப்ளான்ட்டுகளில் 81 சதவீதத்தில் எஞ்சிய சிமென்ட் இருந்தது; அதை அகற்றிய பின் 74 சதவீதத்தில் அறிகுறி மறைந்தது. சிலவகைச் சிமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதையும், கன்னப் பக்கம் அல்லது நாக்குப் பக்கம் ஒட்டியிருந்தால் இம்ப்ளான்ட்டின் நிழலே அதை மறைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற ஒரே காரணத்தால் சிமென்ட் இல்லை என்று தீர்மானித்துவிடக்கூடாது. தேவைப்பட்டால் கேப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கேப்பைக் கழற்றுவது வேறு, இம்ப்ளான்ட்டைக் கழற்றுவது வேறு; உங்கள் மகனிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் சிரிப்பூட்டும் அளவுக்குச் சிறியது: உள்ளே இருக்கும் திருகு தளர்ந்திருப்பது. இம்ப்ளான்ட்டுக்கும் அதன்மேல் கேப்பைத் தாங்கும் தூணுக்கும் நடுவே திருகு ஒன்று உண்டு. அது தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுந்து, அங்கே கிருமி புகுந்து, அந்த மூட்டின் நேர் எதிரே ஈறில் கொப்புளம் போல வீங்கும். நாக்கால் தள்ளும்போது கேப் லேசாக அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் இம்ப்ளான்ட்டே போய்விட்டது என்று பதற வேண்டாம். பல சமயம் திருகைச் சுத்தம் செய்து, அளவிட்ட விசையில் முறுக்கினாலோ புதிதாக மாற்றினாலோ போதும். எலும்புக்குள் இருக்கும் இம்ப்ளான்ட்டே ஆடினால்தான் அதைக் காப்பாற்ற வழியில்லை என்று பொருள்.

அம்லோடிபின் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான இந்த வகை மாத்திரைகளும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரினும் சிலருக்கு ஈறை வளர வைக்கும். இம்ப்ளான்ட்டைச் சுற்றிய சதையும் அதற்கு விலக்கன்று. என்றாலும் மருந்தால் வரும் வளர்ச்சி பொதுவாகப் பல பற்களின் இடுக்கில், அதிலும் முன்பற்களிடையே தெரியும். உங்களுக்கு ஒரே இடத்தில் மிளகளவில் முளைத்திருப்பதால் முதன்மைக் காரணம் மருந்தாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று கருதுகிறேன். எப்படியிருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈறின் நிலையைப் பல் மருத்துவர் ஒரு சீட்டில் எழுதித் தந்தால், அதைப் பார்த்து மாற்று மருந்து தருவதா என்று உங்கள் பொது மருத்துவர் முடிவு செய்வார்.

அந்தச் சதை முளைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நீடித்த உறுத்தலுக்கு எதிர்வினையாக ஈறில் ரத்தக்குழாய்கள் அடர்ந்து, தொட்டாலே ரத்தம் கசியும் செம்முளை ஒன்று வளர்வதுண்டு. அதைப் பையோஜெனிக் கிரானுலோமா என்கிறோம். சீழ்க்கட்டி என்ற பொருள்படும் பெயரை யாரோ வைத்துவிட்டார்கள். அதில் சீழும் இல்லை, அது புற்றும் அன்று. சற்று நீலம் கலந்த சிவப்பில் வருவது ராட்சச செல் கிரானுலோமா; இம்ப்ளான்ட் அருகே இது வரும்போது கீழுள்ள எலும்பையும் அரிக்கக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றுதான்: அடியோடு வெட்டியெடுத்து, உறுத்தலுக்குக் காரணமான சிமென்ட்டையோ, கெட்டியாகப் படிந்த பற்காரையையோ அப்போதே அகற்ற வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு முளையை மட்டும் வெட்டினால் திரும்ப முளைக்கும்.

வெட்டியெடுத்ததை வீசிவிடாமல் பயாப்சி என்னும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இது உங்கள் விஷயத்தில் நான் வற்புறுத்தும் ஒன்று. இம்ப்ளான்ட் பக்கத்தில் தோன்றிய வாய்ப்புற்றைச் சாதாரண அழற்சி என்று நினைத்து மாதக்கணக்கில் சுத்தம் மட்டும் செய்துகொண்டிருந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை. வெறும் எதிர்வினை முளையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் புகையிலை போடும் வாயில் ஆறு மாதமாக ஆறாத எதையும் பரிசோதிக்காமல் விடுவது தவறு. முளை கெட்டியாக இருந்தாலோ, ஓரம் தடித்துப் புண்ணானாலோ, சுற்றிலும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ, கீழுதடு மரத்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ மற்ற வேலைகளையெல்லாம் ஒத்திவைத்து இந்த வாரமே காட்டுங்கள். ஊசி பட்டால், கத்தி பட்டால் கட்டி பரவிவிடும் என்ற பேச்சை நம் தெருக்களில் அடிக்கடி கேட்கிறேன்; அதற்குப் பயந்து தள்ளிப்போட்டு, சிறிய புண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சை என்று வரும்போது, எலும்பு கரையாமல் ஈறோடு நின்றிருந்தால் வேலை எளிது. டைட்டானியம், கார்பன் நார் அல்லது பிளாஸ்டிக் முனையுள்ள கருவிகளால் கிருமிப் படிவத்தையும் காரையையும் எடுப்பார்கள்; சாதாரண எஃகுக் கருவி இம்ப்ளான்ட்டின் பரப்பைக் கீறிவிடலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. கிளைசின் என்ற நுண்பொடியைக் காற்றோடு பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் உண்டு. கூடவே குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு மருந்து இரண்டு வாரத்துக்குத் தரப்படலாம். அதற்கு மேல் நீட்டித்தால் பற்களில் கறை படியும், நாக்கில் ருசி மாறும். பற்பசை போட்டுத் துலக்கியதும் உடனே கொப்பளித்தால் மருந்தின் வீரியம் குறையும், அரை மணி நேரம் விடுங்கள். இந்த நிலையில் ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு இடமே இல்லை. படிவத்தின் உள்ளே இருக்கும் கிருமிகளை மாத்திரை முழுமையாக எட்டாது. மேலோட்டமாக அடங்கி மறுபடி கிளம்பும். மூன்று முறை நடந்ததும் அதுதான். நான்காவது முறை வாங்காதீர்கள்.

குணமாக அவகாசம் வேண்டும். 1994இல் நடந்த ஒரு பரிசோதனையில் தன்னார்வலர்கள் மூன்று வாரம் பல் துலக்காமல் இருந்தபோதே இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழற்சி வந்துவிட்டது. 2012இல் அதே முறையில் நடந்த இன்னொன்றில், மூன்று வாரம் நன்றாகத் துலக்கிய பிறகும் இம்ப்ளான்ட்டைச் சுற்றிய சதை முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எனவே சுத்தம் செய்த பத்தாம் நாளே பலன் இல்லை என்று மனம் தளராமல், இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஆழம் அளந்து பாருங்கள்.

எலும்பு கரைந்திருந்தால் முதலில் மேற்சொன்ன சுத்தத்தைச் செய்து, ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மதிப்பிட்டு, ஆழமும் ரத்தமும் நீடித்தால் ஈறைத் திறந்து அறுவை முறையில் சுத்தம் செய்வார்கள். எலும்பு கரைந்து உண்டான குழியை நிரப்ப எலும்புப் பொடி வைப்பதா இல்லையா என்பது அந்தக் குழியின் வடிவத்தைப் பொறுத்தது. சுற்றுச்சுவர் உள்ள குழியில் பொடி நிற்கும், தட்டையாகக் கரைந்த இடத்தில் நிற்காது. ஆகவே எக்ஸ்ரேயைப் பார்த்த மறு நிமிடமே எல்லோருக்கும் ஒரே சிகிச்சையைச் சொல்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். அறுவைக்குப் பின் ஈறு சற்று இறங்கி உலோகம் தெரியக்கூடும். கடைவாயில் அது ஒரு குறையே அன்று, தூரிகை எட்டுவதற்கு நல்லதுதான். சிலருக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றி உறுதியான வெளிர்நிற ஈறு 2 மி.மீ. கூட இல்லாமல், அசையும் மெல்லிய சதை மட்டுமே இருக்கும். துலக்கும்போது எரிவதால் அந்த இடத்தைத் தவிர்ப்பார்கள், தவிர்ப்பதால் நோய் வரும். அவர்களுக்கு மேலண்ணத்திலிருந்து சிறு தோல் எடுத்து ஒட்டும் சிகிச்சை உதவும்.

ரத்தம் வருகிறதே என்று அந்தப் பக்கம் துலக்குவதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதுதான், ஆனால் நோக்கத்துக்கு நேர் எதிரானது. மென்மையான தூரிகையை ஈறும் கேப்பும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்துத் துலக்குங்கள். பக்கத்துப் பல்லுக்கும் கேப்புக்கும் நடுவே நுழையும் இடைப்பல் தூரிகை, கம்பிமேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகப் பார்த்து, எந்த அளவு என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். உப்பு, கரி, சொரசொரப்பான பல்பொடி வேண்டாம். சர்க்கரையின் சராசரி 8.9இல் இருக்கும்வரை எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்தாலும் சதை ஆறுவது தாமதமாகும். 7க்குக் கீழே கொண்டுவர முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஈறு நோயால் பல்லை இழந்தவர் நீங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இம்ப்ளான்ட்டிலும் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம் என்பதால், குணமான பிறகும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டியிருக்கும். புகையிலையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே பயந்துதான் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கே போவது என்றால், பழைய மருத்துவர் இல்லாத நிலையில் ஈறு நோய் நிபுணர் ஒருவரிடம் போவதே சரி. தனியார் செலவு இப்போது முடியாது என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. ஈறு நோய்ப் பிரிவும் பயாப்சி பார்க்கும் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இம்ப்ளான்ட் வைத்த நாளில் உங்கள் கோப்பில் சிறிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருப்பார்கள் அல்லது கார்டு ஒன்று தந்திருப்பார்கள். அதில் கம்பெனியின் பெயரும் இம்ப்ளான்ட்டின் அளவும் தொகுதி எண்ணும் இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகும் அதைத் திருப்பும் கருவியும் வேறு வேறு என்பதால், அந்த விவரம் தெரியாமல் உங்கள் கேப்பின் அடியிலுள்ள திருகைப் புதிய மருத்துவரால் எளிதில் கையாள முடியாது. பழைய மருத்துவரின் கைபேசி எண் இருந்தால் அவரிடம் கேட்டு அந்த ஸ்டிக்கரையும் அன்றைய எக்ஸ்ரேயையும் வாட்ஸ்அப்பிலாவது வாங்கிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் அதையும் நிறுத்தாமல், சீட்டில் முதலில் அதை எழுதச் சொல்லுங்கள். போகும் அன்று காலை உணவையும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.